எல்க் வேட்டைக்குக் குண்டு வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்கு எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். தோட்டா வகையில் .30-06 போதுமா, அதைவிட வேகமான .300 மேக்னம் வேண்டுமா என்று வாதம் ஓயாது. சரி, தோட்டாவின் முனையில் எந்தக் குண்டு இருக்கிறது என்று கேளுங்கள். "கடையில் கிடைத்ததை வாங்கினேன்" என்பார்கள்.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். தோலும் தடிமன், தோள் எலும்பும் தடிமன். குண்டு உள்ளே போய் விரியவும் வேண்டும், சிதறாமல் நுரையீரல் வரை போகவும் வேண்டும். விரிவது அதிகமானால் ஆழம் குறையும். இந்த இழுபறியை எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் ஒரு குண்டின் தரமே இருக்கிறது.

"பெரிய மேக்னம் இருக்கிறதே, எந்தக் குண்டானால் என்ன?" என்பது பெரிய தவறு. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவர் .300 மேக்னத்தோடு, எல்க்கைவிடப் பெரிய மானான மூஸ் வேட்டைக்குப் போனார். சேறு அப்பிக் காய்ந்திருந்த அதன் உடம்பில் பட்ட குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. அந்த வேகத்தைத் தாங்கும் கட்டமைப்பு அவற்றுக்கு இல்லை. ஊர் திரும்பியவர், நடுவில் செம்புத் தடுப்பு வைத்த ஒரு குண்டைச் செய்தார். முன்பாதி ஈயம் விரியும், பின்பாதி தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே தள்ளும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்தப் 'பார்ட்டிஷன்' குண்டை இன்றும் எல்க் வேட்டைக்காரர்கள் வாங்குகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு தொலைவில் நடக்கும். குண்டு விரிவதற்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு. பல குண்டுகளுக்கு அது நொடிக்கு 1800 அடி. முழுச் செம்புக் குண்டுகளுக்கு 2000 என்று வைத்துக்கொள்வது நல்லது. .30-06இல் 2700 அடி வேகத்தில் கிளம்பும் 180 கிரெய்ன் (குண்டு எடையின் அலகு) குண்டு, 400 கஜம் போவதற்குள் 2000 அடிப் பக்கம் இறங்கிவிடும். அதற்கு மேல் சுட்டால் ஊசி குத்தியது போல மறுபக்கம் போய்விடலாம். காயம்பட்ட மிருகம் மலை ஏறிப் போய்விடும், அப்புறம் நாள் முழுக்கத் தேடல்தான். இலக்குப் போட்டிக் குண்டுகள் இலக்குக் காகிதத்தில் அழகாக ஒரே இடத்தில் படும் என்பதற்காக அவற்றை எல்க்குக்குக் கொண்டுபோவதும் வம்புதான். அவை துல்லியத்துக்காகச் செய்தவை. உடம்புக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கிறது. கொலராடோவில் எல்க்குக்கு விரியும் குண்டுதான் அனுமதி, எடை குறைந்தது 85 கிரெய்ன். அனுமதி உண்டு என்பதாலேயே அது போதும் என்று நினைக்காதீர்கள். என் கணக்கில் 85 மிகவும் இலேசு. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்புக்கு மாறுகிறவர்கள் பழைய எடையையே கேட்கிறார்கள். செம்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும், சில துப்பாக்கிக் குழல்கள் அதை நிலையாகப் பறக்கும் அளவுக்குச் சுழற்றாது. 180க்குப் பதில் 165 எடுத்தால் போதும்.

எதை வாங்கினாலும் ஒரே வகையில் இரண்டு பெட்டி வாங்குங்கள். எடை ஒன்றாக இருந்தாலும் வேறு கம்பெனித் தோட்டா வேறு இடத்தில் படும். ஒரு பெட்டி துப்பாக்கியைக் குறிவைத்துச் சரிபார்க்க, மற்றது மலைக்கு.