பழைய படத்தில் இருப்பது எந்தக் கோயில்? பெங்களூர்ப் பெட்டிப் படங்களுக்கு ஒரு செய்முறை

பெங்களூரில் எந்தத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் இப்படி ஒரு படம் அகப்படும். படிக்கட்டில் மணமக்கள், இருபுறமும் உறவுக் கூட்டம், பின்னால் பாதி வெட்டுப்பட்ட ஒரு கோயில். எந்தக் கோயில் என்று கேட்டால் "சிவாஜிநகர் மாதா கோயில்தான், வேறென்ன" என்று பதில் வரும். கோபுரத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, பாசத்தில் சொல்வது. அதை நம்பிப் படத்தின் மேல் பெயர் எழுதிவிடாதீர்கள். நான் பரிந்துரைக்கும் வழி, ஒவ்வொரு கோயிலாகக் கழித்துக்கொண்டே வருவது. கடைசியில் மிஞ்சுவதை மட்டும் சரிபார்த்தால் போதும்.

முதலில் பின்பக்கம்

படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல், அஞ்சலட்டையாக இருந்தால் அச்சிட்ட வரி என எதையும் விட வேண்டாம். 'சவுத் பரேடு' என்று இருந்தால் அது இன்றைய மகாத்மா காந்தி சாலை. 1948இல் பெயர் மாறியது. 'பிளாக்பள்ளி' என்றால் சிவாஜிநகர். 'சி அண்டு எம் ஸ்டேஷன்' என்பது கண்டோன்மென்ட் பகுதி. 1949இல் அது நகரத்தோடு இணைந்தது. ஒரு எச்சரிக்கை: ஸ்டூடியோ முகவரி படத்தைக் கழுவிய இடத்தைத்தான் சொல்லும், எடுத்த இடத்தை அல்ல.

ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். இருபக்கத்தையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்துகொண்டு, இனித் திரையில்தான் வேலை.

இடவலம் புரண்டிருக்கிறதா?

நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டுவிட்டால் கோயிலே கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறிவிடும். ஆண்களின் சட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அணிந்தவரின் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். பெண்களின் முந்தானை இடது தோளில் விழ வேண்டும். முந்தானையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இது பெங்களூர், கூட்டத்தில் குடகுக்காரப் பெண் ஒருவர் நின்றால் அவர் முந்தானை வலது தோளில்தான் இருக்கும். எல்லாருக்குமே வலது என்றால் படத்தைத் திருப்பிப்போடுங்கள்.

கழித்தல்

இந்த ஊர்தானா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாலையில் டிராம் தண்டவாளம் தெரிந்தால் பெங்களூர் இல்லை. இங்கே டிராம் ஓடியதே கிடையாது. சென்னையில் 1953 வரையிலும் பம்பாயில் 1964 வரையிலும் ஓடியது. அடுத்து, படத்தில் இருப்பவர்களின் காலடியில் துணி மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கோயிலைத் திரைச்சீலையில் தீட்டி அதற்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது ஸ்டூடியோக்களின் பழைய வழக்கம்.

இரண்டும் இல்லையென்றால் கோபுரத்துக்கு வாருங்கள். சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்துக்கு ஒரே ஊசிக்கோபுரம், 160 அடி உயரம். இன்றைய கட்டடம் 1882இல் முடிந்தது. பிரிகேடு சாலைப் பக்கம் இருக்கும் புனித பேட்ரிக் ஆலயத்துக்கு முகப்பில் இரட்டைக் கோபுரம். மகாத்மா காந்தி சாலையின் புனித மாற்கு பேராலயத்தைக் குவிமாடம் காட்டிக்கொடுக்கும். 1923இல் தீப்பிடித்துப் பிறகு புதுப்பித்த கட்டடம் அது. கப்பன் சாலையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1866இல் திறந்த புனித அந்திரேயா ஆலயத்தின் சிவப்பு, கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாது. கோபுரக் கடிகாரம் தெரியும். அதே மகாத்மா காந்தி சாலையின் மறுகோடியில் பரிசுத்த திரித்துவ ஆலயம், அதற்குச் சதுரக் கோபுரம். கல் கட்டடம் என்றால் மாநகராட்சி வட்டத்தின் ஹட்சன் நினைவாலயத்தையும் (1904), 1911இல் தொடங்கி 1932இல் முடித்த புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயத்தையும் பட்டியலில் வையுங்கள்.

ஃபிரேசர் டவுனில் தெரிந்தவர் வீட்டுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்பகுதி வெட்டுப்பட்டிருந்தது, மணமகனின் தலைக்கு மேல் ஒரு கோபுரத்தின் அடி மட்டும் தெரிந்தது. வீடு முழுக்கச் 'சிவாஜிநகர்' என்றே சாதித்தது. ஸ்கேனைப் பெரிதாக்கியபோது வலது ஓரத்தில், மாமா ஒருவரின் தலைப்பாகைக்குப் பின்னால், விரற்கடை அகலத்துக்கு அதே வார்ப்பில் இன்னொரு தூண் எழுந்து நின்றது. இரண்டாவது கோபுரம். சிவாஜிநகர் அங்கேயே கழிந்தது. படத்தின் ஓரங்களை நடுவைவிட அதிக நேரம் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். படம் எடுத்தவர் கவனிக்காமல் விட்டதெல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

கூகுள் லென்ஸிலும் போட்டுப் பார்க்கலாம். மனிதர்களை வெட்டிவிட்டு வளைவையும் சன்னலையும் மட்டும் கொடுங்கள். அப்போதும் அது ஐரோப்பாவுக்குத் தாவினால் விட்டுவிடுங்கள்.

எந்தச் சபை?

முகப்பு மாடத்தில் சுரூபம், முற்றத்தில் கொடிமரம், பக்கத்தில் கெபி (மாதா சுரூபம் வைத்த குகை) இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் கத்தோலிக்கக் கோயில். எதுவும் இல்லாததால் மட்டும் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபை என்று முடிவுகட்ட வேண்டாம். கெபி பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் இருக்கும், படத்தில் விழுந்திருக்காது. பெயர்ப்பலகையில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) என்று இருந்தால் படம் 1947 செப்டம்பருக்குப் பிற்பட்டது. உள்ளே எடுத்த கத்தோலிக்கப் படமானால் பீடத்தைப் பாருங்கள். சுவரோடு ஒட்டிய பீடத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டிப் பூசை வைத்தால் அது பெரும்பாலும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தையது, அதாவது 1960களின் நடுப்பகுதிக்கு முன்.

எந்தக் காலம்?

மின் விளக்குக் கம்பம் இருந்தால் 1905க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது. வண்டி எண் எம்.ஒய். என்று தொடங்கினால் அது மைசூர் மாநிலக் காலத்துப் பதிவு. ஆனால் அந்த வண்டி அதற்குப் பிறகும் பல காலம் ஓடியிருக்கும். கே.ஏ. என்றால் 1989க்கு முன் இருக்க வாய்ப்பில்லை.

பெரியவர்களிடம் கேட்பது

கோயிலின் பெயரை நீங்கள் வாயிலிருந்து விடக் கூடாது. "பெரியம்மா, இது பேட்ரிக் கோயில்தானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார், "சிவாஜிநகர்தானே?" என்றாலும் "ஆமாம்" என்பார். சுற்றி வளைத்துக் கேளுங்கள். "கல்யாணத்தன்று கோயிலிலிருந்து விருந்துக்கு நடந்தே போனீர்களா, ஜட்காவிலா?" "விருந்து எந்த மண்டபத்தில்?" "பூசை வைத்த சாமி எந்தப் பங்கைச் சேர்ந்தவர்?" (சாமி என்றால் குருவானவர், பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்.) தெரு வந்துவிட்டால் கோயில் தானாக வந்துவிடும். படத்தை முதலிலேயே நீட்டாமல், பேச்சு சூடு பிடித்த பிறகு காட்டினால் இன்னும் நல்லது.

பதிவேடு

திருமணப் படமானால் தேட வேண்டியது பெண் வீட்டுப் பங்கில். திருமணம் வழக்கமாக அங்கேதான் நடக்கும். பங்கு அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போகாமல், இருவர் பெயரும் பெற்றோர் பெயரும் ஐந்தாண்டுக்குள் அடங்கும் காலமும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளில் பெயர்கள் லத்தீன் வடிவில் இருக்கலாம். சூசையைத் தேடுகிறவர் யோசேப்புஸ் (Josephus) என்பதையும், இராயப்பனைத் தேடுகிறவர் பெத்ருஸ் (Petrus) என்பதையும் பார்க்க வேண்டும். சீர்திருத்தச் சபைகளின் பழைய ஆவணங்களுக்கு மில்லர்ஸ் சாலை யுனைடெட் தியாலஜிகல் காலேஜின் ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம்.

பெயர் உறுதியானால் படத்தின் பின்னால், ஓரமாக, மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் விழ வைக்கும். கோயிலின் பெயரோடு எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்: 'பதிவேட்டில் பார்த்தது' அல்லது 'பெரியம்மா சொன்னது'. உறுதியாகவில்லையா, கழித்த கோயில்களின் பெயர்களை எழுதி வையுங்கள்; அடுத்துத் தேடுகிறவருக்கு அந்த வேலை மிச்சம்.