ஒரே ஆசனம், நாலு விதம்: எந்த யோகா வகுப்பு உங்களுக்குப் பொருந்தும்?

மே மாதம் சுற்றுலா சீசன் தொடங்கினால் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹட, வின்யாச, யின், அஷ்டாங்க என்று பல பெயர்களில் யோகா வகுப்புகள் நடக்கும். நகருக்குள் ஆசிரம மரபில் வந்த வகுப்புகள் வேறு. முதன்முறை போக நினைப்பவருக்குப் பெயர்களைப் பார்த்தாலே குழப்பம்தான். பெயரை விட்டுவிட்டு ஆசிரியரிடம் நாலு கேள்வி கேளுங்கள். ஓர் ஆசனத்தில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? ஆசன வரிசை ஒவ்வொரு நாளும் ஒன்றேயா? மூச்சை எப்படி எண்ணுவது? பட்டி, கட்டை, கதிரை போன்ற துணைப்பொருள்கள் உண்டா? பாணிகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த நாலு பதிலில் வந்துவிடும். 'ஹட யோகா' என்பது ஆசனமும் மூச்சும் சேர்ந்த எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். ஒரு வகுப்புக்கு அந்தப் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது மெதுவான வகுப்பு.

வித்தியாசம் புரிய ஓர் ஆசனத்தை எடுத்துக்கொள்வோம். கால்களை நீட்டி இருந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனம் ஏறக்குறைய எல்லா மரபிலும் உண்டு.

சிவானந்த மரபு

திருகோணமலைக்கு மிகப் பழக்கமான மரபு இது. பத்தமடையில் 1887 இல் பிறந்து ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தரின் வழி. அவருடைய சீடர் சுவாமி சச்சிதானந்தா 1950களில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1969 இல் அமெரிக்காவின் வூட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடக்கிவைத்துப் பேசியவர் அவர்தான்.

இன்று உலகெங்கும் இந்த மரபின் வகுப்புகளில் 12 அடிப்படை ஆசனங்கள் ஒரே வரிசையில் வரும். தலைகீழாக நிற்கும் சிரசாசனம், பிறகு சர்வாங்காசனம், ஹலாசனம், மச்சாசனம் ஆகியவற்றுக்குப் பிறகு ஐந்தாவதாகப் பச்சிமோத்தானாசனம். அதில் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரை இருந்துவிட்டு, மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் சற்று ஓய்ந்து, அடுத்த ஆசனத்துக்குப் போக வேண்டும். இடையில் வரும் இந்த ஓய்வை நேர விரயம் என்று நினைத்து வெட்டுகிறவர்கள் இந்த மரபின் பாதிப் பயனை இழக்கிறார்கள். முழு வகுப்புக்குச் சுமார் 90 நிமிடம்.

பிழை நடக்கும் இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. வரிசையில் முதலாவது என்பதற்காகப் புதியவர் சிரசாசனத்துக்குப் போகக்கூடாது. தோளில் பலம் இல்லாவிட்டால் உடலின் பாரம் முழுவதும் கழுத்தெலும்பில் இறங்கும். முழங்கைகளைத் தரையில் ஊன்றி இடுப்பை மட்டும் உயர்த்தும் 'டொல்பின்' பயிற்சியைச் சில வாரங்கள் செய்து தோளைப் பலப்படுத்துங்கள். நாடிசுத்தி என்ற மூச்சுப்பயிற்சியில் இழுக்க, பிடிக்க, விட 4:16:8 என்ற கணக்கைச் சொல்வார்கள். மூச்சைப் பிடிக்கும் அந்த 16 ஐ விட்டுவிட்டு, 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடுவதோடு தொடங்கினால் போதும்.

அஷ்டாங்க வின்யாசம்

மைசூரில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் பரப்பிய முறை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொன்ன யோகத்தின் எட்டு அங்கங்களோடு பெயர் ஒன்றாக இருந்தாலும், வகுப்பில் நடப்பது குறித்த வரிசையிலான ஆசனத் தொடர். சூரிய நமஸ்காரம் இரண்டு வகையும் முடிந்து, நின்று செய்பவை முடிந்து, இருந்து செய்பவற்றின் தொடக்கத்தில் பச்சிமோத்தானாசனம் வரும். ஒவ்வொரு நிலையிலும் ஐந்து மூச்சுத்தான். பிறகு கைகளை ஊன்றிப் பின்னால் தாவி அடுத்ததற்குப் போக வேண்டும்.

அந்தத் தாவலின் நடுவில், கைகளை மடக்கி உடலைத் தரைக்கு இணையாக இறக்கும் சதுரங்க தண்டாசனம்தான் பலரின் தோளையும் மணிக்கட்டையும் கெடுப்பது. இறங்கும்போது தோள் முழங்கைக்குக் கீழே போய்விட்டால் தோள்மூட்டின் முன்பக்கம் இழுபடும். ஒரு வகுப்பில் பல பத்துத் தடவை இதைச் செய்வதால் சின்னப் பிழையும் ஒரு மாதத்தில் வலியாக வந்து நிற்கும். முழங்காலைத் தரையில் வைத்து, முழங்கை உயரம் வரை மட்டும் இறங்குங்கள்.

இதிலிருந்து கிளைத்ததே 'வின்யாச' வகுப்பு. மூச்சோடு அசையும் பழக்கம் அப்படியே இருக்கும், வரிசையை ஆசிரியர் விருப்பப்படி அமைப்பார். முதல்நாளே இதற்குப் போகிறவர் பக்கத்திலுள்ளவரைப் பார்த்துப் பார்த்தே ஆசனம் செய்ய வேண்டி வரும். அடிப்படை ஆசனங்கள் பழகிய பிறகு போவது நல்லது.

ஐயங்கார் முறை

அதே கிருஷ்ணமாச்சாரியாரின் இன்னொரு மாணவர் புனேயின் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014). ஆசனங்கள் குறைவு, நேரம் அதிகம், உடலின் அமைப்பில் மிகுந்த கவனம். நாரி வலி, முழங்கால் வலி உள்ளவர்கள், ஐம்பதைக் கடந்து தொடங்குகிறவர்கள் ஆகியோருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. தேர்ந்த ஆசிரியர் பக்கத்தில் கிடைக்காவிட்டாலும் இதன் வழியைத் தழுவி வீட்டில் தொடங்கலாம். பச்சிமோத்தானாசனத்தை இப்படிச் செய்யுங்கள்:

1. ஒரு தடித்த போர்வையை 5 முதல் 8 செ.மீ. உயரம் வரும்படி மடித்து, அதன் விளிம்பில் இருங்கள். இடுப்பு முன்பக்கமாகச் சரிவதற்கு இந்த உயரம் உதவும்.
2. கால்களை நீட்டுங்கள். முழங்காற்சில்லுகள் நேரே மேலே பார்க்கட்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் தொடையை உள்ளே திருப்புங்கள்.
3. பழைய சாரம் ஒன்றை நீளமாக மடித்துப் பாதங்களைச் சுற்றிப் போட்டு, இரு முனைகளையும் கைகளை மடக்காமல் பிடியுங்கள்.
4. மூச்சை இழுக்கும்போது நெஞ்சை உயர்த்துங்கள். விடும்போது இடுப்பிலிருந்து குனியுங்கள். தொப்புள் முன்னேறுவது நின்ற இடமே உங்கள் எல்லை.
5. அங்கே எட்டுப் பத்து மூச்சு இருங்கள்.

தொடையின் பின்பக்க நடுவில் இழுவை தெரிந்தால் சரி. முழங்காலுக்குப் பின்னால் அல்லது இருப்பெலும்பின் அடியில் சுள்ளென்றால் பின்வாங்குங்கள். நெற்றியை முழங்காலில் தொட வேண்டும் என்று முதுகைக் கூனிக் கால்விரலை இழுப்பதுதான் நாரிப்பிடிப்புக்கு நேர்வழி. தொடைத் தசை இறுகியிருக்க இடுப்பு அசையாது. வளைவு முழுவதும் நாரியின் முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகளில் ஏறும்.

கதிரை தேவைப்படும் ஆசனங்களுக்குப் பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். மாபிள் தரையில் அதன் கால்கள் விரிந்து வழுக்கும். மரக்கதிரையைச் சுவரோடு அணைத்துப் போடுங்கள்.

யின்

மேற்கு நாடுகளில் அண்மைக்காலத்தில் உருவான பாணி. இதே குனிவில் முதுகை வேண்டுமென்றே கூனி, தசைகளைத் தளர்த்தி, 3 முதல் 5 நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். எட்டக்கூடியதில் முக்கால்வாசிக்கு மேல் போகாதீர்கள். நிமிடம் செல்லச் செல்ல உடல் தானாக இறங்கும். கால் விறைத்தால் அல்லது குறுகுறுத்தால் உடனே எழும்புங்கள். வட்டு விலகியவர்களுக்கு இந்தக் குனிவு ஆகாது. மல்லாந்து படுத்து, சாரத்தால் ஒரு காலை மட்டும் உயர்த்திப் பிடித்தால் முதுகு வளையாமலே தொடைக்கு அதே இழுவை கிடைக்கும்.

மனவளக்கலை, சூட்டு யோகா

கடினமான ஆசனங்கள் செய்யச் சிரமப்படும் முதியவர்களுக்கு வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் வரும் எளிய உடற்பயிற்சி நல்லது. கை, கால், மூச்சு, கண், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபதி, மகராசனம், உடம்பைத் தேய்த்தல், அக்குபிரஷர், தளர்த்தல் என்று ஒழுங்காகப் போகும்.

26 ஆசனங்களை 40 பாகை சூட்டறையில் 90 நிமிடம் செய்யும் பிக்ரம் முறையை இங்கே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். கச்சான் காற்று வீசும் காலத்தில் மின்விசிறி இல்லாத அறையே அந்த வேலையைச் செய்துவிடும். சூட்டில் உடல் அதிகமாக வளைவதுபோல் தெரியும், அந்த நம்பிக்கையில் இழுத்த இழுவையின் வலி மறுநாள்தான் தெரியும்.

இடமும் நேரமும்

கடற்கரையில் செய்ய ஆசை இருந்தால் சூரியன் ஏறுவதற்கு முன் முடியுங்கள். உலர்ந்த மணலில் உள்ளங்கையின் அடி புதைந்து மணிக்கட்டு அதிகமாக மடியும். ஈரமணல் இறுக்கமானது, ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே பக்கவாட்டாக நின்றால் ஒரு கால் பதிவாக நிற்கும். ஆகவே கடலைப் பார்த்து நில்லுங்கள். கைகளில் பாரம் ஏறும் அஷ்டாங்க, வின்யாசப் பயிற்சிகளைச் சீமெந்துத் தரையில் றப்பர் விரிப்புப் போட்டே செய்ய வேண்டும். பன்பாய் படுத்துச் செய்பவற்றுக்கு நல்லது, தாவலுக்கு வழுக்கும்.

புட்டு, சோறு சாப்பிட்டால் மூன்று நாலு மணித்தியாலம் கழியட்டும். பிரஷர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஹேர்னியா உள்ளவர்கள் கபாலபதியையும் மூச்சைப் பிடிப்பதையும் தவிர்க்க வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் கூடாது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்கள், இரத்தச் சீனியைக் குறைக்கும் குளிசை எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் அஷ்டாங்க வகுப்புக்குப் போனால் சீனி சட்டென்று இறங்கக்கூடும். எந்த நேரம், என்ன சாப்பிட்டுவிட்டுப் போவது என்று வைத்தியரிடம் முதலே கேளுங்கள். விரிப்போடு ஒரு குளுக்கோஸ் பைக்கற்றையும் கொண்டு போங்கள். கை நடுங்கி வியர்த்தால் அதைச் சாப்பிட்டுவிட்டு அன்றைய பயிற்சியை அதோடு நிறுத்துங்கள்.