மஞ்சள் சுவரில் ஊறாத நிழல்

புதுச்சேரி துய்மா வீதியின் மஞ்சள் சுவர் ஒன்றை கிரிட்டா என்ற கணினி ஓவியச் செயலியில் நீர்வண்ணமாக வரைந்தேன். காகிதப்பூக் கொடியின் நிழலை வெளிர் ஊதாவில் போட்டால், ஊதாத் தாளை வெட்டி ஒட்டியதுபோல நின்றது. இத்தனைக்கும் நிழல் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஓவிய அடுக்கு) மல்டிப்ளையில்தான், அதாவது அடியிலுள்ள நிறத்தோடு கலந்து அதைக் கருமையாக்கும் முறையில்தான் இருந்தது.

மூன்று நாள் போனது. பிரஷ் மாற்றினேன், ஒபாசிட்டியை, அதாவது நிறத்தின் அடர்வைக் குறைத்தேன். நிழல் வெளிறியதே தவிர ஊறவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: நிழல் லேயர்கள் தனி குரூப்பில் இருந்தன. குரூப் நார்மலாக இருந்தால் மல்டிப்ளை அதற்குள்ளேயே நின்றுவிடும், வெளியே அடியிலுள்ள மஞ்சளைத் தொடாது. லேயர் பட்டியலில் குரூப் வரிசையிலுள்ள குட்டிச் செங்கல் சுவர் குறியை அழுத்தி பாஸ் த்ரூவாக்கினேன், அதாவது உள்ளிருக்கும் லேயர்களை வெளியே அடியிலுள்ளவற்றோடும் கலக்கவிட்டேன். நிழல் மஞ்சளில் ஊறிப் பழுப்பேறியது. அப்பாடா!

கடைசியாக நிழலின் ஓரத்தை மட்டும் மெல்லிசாகக் கருக்கினேன். நிஜ நீர்வண்ணம் காயும்போது நிறமி விளிம்பில்தானே ஒதுங்கும்.