மின்சாரம் நின்ற முதல் பத்து நிமிடங்கள்: வீட்டிலும் மருத்துவமனையிலும் அவசரகால ஆயத்தம்

அவசரகால ஆயத்தம் என்றதும் டார்ச், முதலுதவிப் பெட்டி, தண்ணீர் எனப் பொருள்களின் பட்டியல்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த நிமிடம் மின்சாரம் நின்றால், இந்த வீட்டில் அல்லது இந்த வார்டில் யாருடைய உயிர் முதலில் ஆபத்துக்கு உள்ளாகும்? திட்டத்தை அவரிடமிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை, அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவியை, நம்பியிருப்பவர் இருந்தால், மின்சாரம் தேவைப்படாத சிலிண்டர் ஒன்று கட்டாயம் அருகில் இருக்க வேண்டும். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி ஒட்டி வையுங்கள்: 1500 லிட்டர் ஆக்சிஜன் நிரம்பிய சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வரும், 5 லிட்டராக உயர்த்தினால் 5 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சிலிண்டர் நிறைந்திருந்தும், வால்வைத் திறக்கும் சிறிய சாவி அகப்படாமல் இருட்டில் அலமாரியைத் துழாவும் நிலை வரக் கூடாது. அந்தச் சாவியை ஒரு கயிற்றில் கோத்து சிலிண்டரின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். ரெகுலேட்டரைப் பொருத்துவதை வீட்டில் குறைந்தது இருவராவது தங்கள் கையால் செய்து பழகியிருக்க வேண்டும். அந்த அறையில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் ஊறிய துணியும் படுக்கையும் வெகு வேகமாகப் பற்றிக்கொள்ளும்.

குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் உள்ளே சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பதால், அந்த நேரம் கடந்தபின் பனிக்கட்டியோடு சேர்த்து வேறு பெட்டிக்கு மாற்றலாம்; ஆனால் பனிக்கட்டி மருந்தின் மீது நேரடியாகப் படக் கூடாது, உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. குடிநீரையும் புழக்கத்துக்கான நீரையும் சேர்த்து, ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்குச் சேமியுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, சன்னலுக்கு அருகிலோ ஒருபோதும் இயக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபோகலாம்.

மருத்துவமனையிலும் கேள்வி அதேதான், எண்ணிக்கைதான் கூடுகிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் ஒரு பெரிய மருத்துவமனையில் மாற்று மின்சாரமும் செயலிழந்ததால் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. பச்சிளங்குழந்தைகளைச் சுமந்து இறங்கிய செவிலியர்கள், கையால் பையை அழுத்தி மூச்சு கொடுத்தபடியே படிகளைக் கடந்தனர். ஆகவே ஜெனரேட்டர் மேல்தளத்தில் இருக்கிறது என்று நிம்மதி அடையாமல், அதற்கு எரிபொருள் ஏற்றும் பம்ப் வெள்ளம் புகும் அடித்தளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு வென்டிலேட்டர் படுக்கையின் தலைமாட்டிலும், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை தொங்க வேண்டும். அதனுடன் பொருத்தமான அளவில் முகமூடி இருக்கிறதா என்பதைப் பணி மாறும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

தீப்பிடித்தால், எல்லோரையும் உடனே கீழே இறக்க முயல்வது பெரும்பாலும் தவறு. முதலில் அதே தளத்தில், தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்கு நகர்த்துங்கள். அங்கும் ஆபத்து என்றால் மட்டுமே படிக்கட்டு. தீக்கு மிக அருகில் இருப்பவர் முதலில், பிறகு நடக்கக்கூடியவர்கள், கடைசியாகப் படுக்கையோடு நகர்த்த வேண்டியவர்கள். வார்டின் ஆக்சிஜன் வால்வை, அதை நம்பியிருப்பவர்கள் சிலிண்டருக்கு மாறிவிட்டதைப் பொறுப்புச் செவிலியர் உறுதிசெய்த பிறகே மூட வேண்டும். யார் மூடுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

ஒத்திகையைப் பகலில் மட்டும் நடத்தினால் போதாது. ஆட்கள் மிகக் குறைவாக இருக்கும் நள்ளிரவுப் பணியில் ஒருமுறையாவது நடத்துங்கள். ஸ்ட்ரெச்சர் திரும்பாத மூலையும், பூட்டிக் கிடக்கும் படிக்கட்டுக் கதவும் அப்போதுதான் கண்ணில் படும். அந்தப் பூட்டை அன்றிரவே அகற்றிவிடுங்கள்.