வாய்ப்புண்ணுக்கு வேலம்பட்டைக் கசாயம் வைக்கிறது எப்படி

வாய்ப்புண்ணு, ஈறுல ரத்தம் கசியறது, தொண்டை கரகரப்பு, இதுக்கெல்லாம் நம்ம காங்கேயம் தாராபுரம் பக்கம் காட்டோரத்துல நிக்கிற கருவேலமரத்துப் பட்டை நல்லா கேக்குமுங்க. காசு போட்டு வாங்குற மவுத்வாஷ் எரியும், இது எரியாது, அதான் எனக்கு ரொம்பப் புடிச்சது.

மொதல்ல மரத்தை சரியா பாத்துக்கோங்க. சீமைக்கருவேலம் வேற மரமுங்க, அதுக்குப் பூ நீளக் கதிரா இருக்கும். நம்ம கருவேலத்துக்குப் பூ மஞ்சளா உருண்டையா இருக்கும், காய் மணிமணியா கோத்த மாதிரி இருக்கும். கொறங்காட்டுல, அதான் மேய்ச்சல் காட்டுல, நிக்கிற வெள்வேலமும் இது இல்லீங்க, அதோட பட்டை வெளுப்பா இருக்கும். சந்தேகமா இருந்தா நாட்டுமருந்துக் கடையில வேலம்பட்டைன்னு கேட்டு வாங்கிருங்க.

மரத்துல இருந்து எடுக்கறதுன்னா தயவுசெஞ்சு அடிமரத்தைச் சுத்தி உரிச்சுராதீங்க, இலையில ஆகுற சத்து வேருக்குப் போறதே அந்தப் பட்டை வழியாத்தான், சுத்தியும் உரிச்சா மரமே காஞ்சு போயிரும். ஆட்டுக்குத் தழை வெட்டுன கிளை கெடக்குமில்ல, அதுல எடுங்க போதும். மேல இருக்குற கருப்புப் பொருக்கை சுரண்டிட்டு உள்ளாற செவப்பா இருக்கறத நறுக்கி நெழல்ல காயவெச்சு டப்பாவுல போட்டு வெச்சுக்கலாம்.

காஞ்ச பட்டை ஒரு 10 கிராம் எடுத்து ஒண்ணும் பாதியுமா இடிச்சு ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி, சின்னத் தீயில ஒரு டம்ளரா சுண்டற வரைக்கும் கொதிக்க வெச்சு துணியில வடிகட்டுங்க. இரும்புச் சட்டி மட்டும் வேண்டாமுங்க, பட்டையில இருக்குற டானின்ங்கற துவர்ப்புச் சத்து இரும்போட சேந்தா கசாயம் மசி கணக்கா கருத்துரும், மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.

வெதுவெதுன்னு இருக்கும்போது ஒரு வாய் ஊத்தி அரை நிமிஷம் வெச்சிருந்து கொப்புளிச்சுத் துப்பிருங்க, காலைல ஒருக்கா, ராத்திரி படுக்கறதுக்கு முந்தி ஒருக்கா. நாக்கெல்லாம் துவர்ப்பா இழுத்துப் புடிக்கும், அந்த இழுப்புதான் ஈறை இறுக்குது, தோல் பதனிட இதே பட்டையப் போடறதும் அந்த டானினுக்காகத்தான். முழுங்காதீங்க, மலச்சிக்கல் ஆகும். துப்பத் தெரியாத சின்னக் கொழந்தைங்களுக்குக் குடுக்கவே வேண்டாம். மிச்சக் கசாயத்தை அன்னைக்கே கொட்டிருங்க.

ரெண்டு வாரம் ஆகியும் புண்ணு ஆறலைன்னா, அதுலயும் பொகையில, பான்பராக் போடறவங்களா இருந்தா, கசாயத்தை நம்பி உக்காந்துட்டு இருக்காம பல் டாக்டர்கிட்ட வாயைக் காட்டிருங்க, வாய்ப் புற்றுநோயும் மொதல்ல வலியில்லாத சின்னப் புண்ணா வரலாமுங்க.