அரசருக்கு அந்த அதிகாரம் உண்டா? ஆங்கில வழக்குகளைப் படிக்கும் வழி

இங்கிலாந்து அரச அதிகாரம் பற்றிக் கேள்வி கேட்டால், சட்டம் படிக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் 1215, ரன்னிமீட், மேக்னா கார்ட்டா (அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட சாசனம்) என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஓட்டிவிடுகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் கேள்வி அப்படியே நிற்கும். என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அரசரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பிரஜையிடமிருந்து என்ன பறிபோனது என்று முதலில் பாருங்கள். உடம்பா, பணமா, வீடா? காமன் லாவில், அதாவது நீதிபதிகளின் தீர்ப்புகளால் வளர்ந்த ஆங்கிலச் சட்டத்தில், வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பழகிக்கொள்ள என்டிக் எதிர் கேரிங்டன் வழக்கை எடுங்கள். 1762 நவம்பரில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசரின் தூதுவர்கள் நால்வர் புகுந்தார்கள்; கேரிங்டன் அவர்களில் ஒருவர். கையில் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கையெழுத்திட்ட வாரண்ட். நான்கு மணி நேரம் பெட்டிகளையும் பூட்டுகளையும் உடைத்து, காகிதங்களை எல்லாம் படித்துப் பார்த்து, வேண்டியதை அள்ளிக்கொண்டு போனார்கள். என்டிக் யார்மீது வழக்குப் போட்டார்? அரசர்மீது அல்ல. அரசரை அவருடைய நீதிமன்றத்திலேயே நிறுத்த முடியாது. வீட்டுக்குள் கால் வைத்த அந்த நால்வர்மீதுதான், அத்துமீறல் என்று. அதனால் எந்தத் தீர்ப்பை எடுத்தாலும் பிரதிவாதியின் பெயரைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து, எதிர்த்தரப்பு எந்த அதிகாரத்தைக் காட்டுகிறது என்று ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். என்டிக் வழக்கில் இரண்டு வாதங்களைக் கவனிக்க வேண்டும். இப்படி வாரண்ட் கொடுப்பது காலகாலமாக நடக்கிறது, யாரும் ஆட்சேபித்ததில்லை என்பது ஒன்று. அரசுக்கு அவசியம் என்பது இன்னொன்று. நீதிபதி கேம்டன் பிரபு 1765இல் இரண்டையும் தள்ளினார். அவர் சொன்னதன் சாரம்: என் நிலத்தில் புல் நசுங்கினால்கூட அத்துமீறல்தான். மிதித்தவர்தான் சட்டத்தைக் காட்ட வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருந்தால் நம் புத்தகங்களில் இருக்கும், அங்கே இல்லையென்றால் அது சட்டமே இல்லை. ஜூரி என்டிக்குக்குக் கொடுத்தது 300 பவுன். நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை விடைத்தாளில் கோடிட்டுக் காட்டுங்கள். மதிப்பெண் அங்கேதான்.

நாடாளுமன்றச் சட்டம் எதையும் காட்டாமல், அரசருக்கே உரிய தனியுரிமை (prerogative, சட்டம் இல்லாமலே அரசருக்கு இருக்கும் அதிகாரம்) என்று சொன்னால்? அது பழையதா என்று கேளுங்கள். லண்டனில் புதுக் கட்டடம் கட்டக் கூடாது, கோதுமையில் கஞ்சிமாவு எடுக்கக் கூடாது என்று முதலாம் ஜேம்ஸ் பிரகடனம் போட்டார். 1610இல் எட்வர்ட் கோக்கும் சக நீதிபதிகளும், பிரகடனத்தால் புதுக் குற்றம் உண்டாக்க முடியாது, சட்டம் அனுமதித்ததைத் தவிர வேறு தனியுரிமை அரசருக்கு இல்லை என்றார்கள். 2019இல் ஐந்து வார நாடாளுமன்ற ஒத்திவைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னபோது இந்தப் பழைய வழக்கையும் மேற்கோள் காட்டினார்கள்.

தனியுரிமை பழையதுதான் என்றாலும் ஒரு சோதனை பாக்கி: அதே விஷயத்தில் சட்டம் வந்துவிட்டதா? 1916இல் தேம்ஸ் கரையில் இருந்த டி கெய்சர் ஹோட்டலை ராணுவ விமானப் படைக்காக எடுத்துக்கொண்டார்கள். போர்க்காலத் தனியுரிமை, இழப்பீடு கிடையாது என்றது அரசு. 1842ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீடு தரச் சொல்கிறது. அது இருக்கும்வரை தனியுரிமை ஒதுங்கி நிற்க வேண்டும் என்று, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1920இல் முடித்துவிட்டது.

இனி, பிள்ளைகள் மறைக்கும் பகுதி. அரசர் ஜெயித்த வழக்குகளையும் எழுதுங்கள். முதலாம் சார்லஸ் கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்காமல் சிறைக்குப் போன ஐந்து நைட்டுகள் (‘சர்’ பட்டம் பெற்றவர்கள்) 1627இல் ஆட்கொணர்வு மனு போட்டார்கள் (ஆமாம், நம் உயர் நீதிமன்றங்களில் இன்றும் போடும் அதே மனுதான்). சிறைக் காவலர் சொன்ன காரணம் ‘அரசரின் சிறப்புக் கட்டளை’, அவ்வளவுதான். ஜாமீன் கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கடற்படைக்கென்று அதே சார்லஸ் வசூலித்த கப்பல் வரியை எதிர்த்த ஜான் ஹேம்ப்டனின் வழக்கிலும் 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கம். சர்ச்சைக்குரிய தொகை வெறும் 20 ஷில்லிங். கோக்கை மட்டும் படித்துவிட்டு நீதிபதிகள் எல்லாம் சிங்கங்கள் என்று எழுதுவது எனக்கு எரிச்சல்.

ஆகவே தீர்ப்போடு நிற்காமல், அப்புறம் நாடாளுமன்றம் என்ன செய்தது என்று ஒரு வரி சேருங்கள். ஐந்து நைட்டுகளுக்குப் பின் 1628இல், காரணம் சொல்லாமல் சிறை வைக்கக் கூடாது என்ற உரிமை மனு. கப்பல் வரியை 1641இல் சட்டம் போட்டே ஒழித்தார்கள். இது எதிர்த்திசையிலும் நடக்கும். ஜப்பானியர் கையில் சிக்காமலிருக்க 1942இல் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் நிலையங்களை பிரிட்டிஷ் ராணுவமே அழித்தது; தனியுரிமைதான், ஆனாலும் இழப்பீடு உண்டு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1965இல் நாடாளுமன்றம் முன்தேதியிட்ட சட்டம் ஒன்றைப் போட்டு அந்தப் பணத்தைக் கொடுக்காமல் செய்துவிட்டது.