சிங்கப்பூரில் சில மணி நேரம்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிற வழியில்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மெல்பர்ன், சிட்னி, பெர்த், ஆக்லாந்து என்று குடிபெயரும் நம்மவர்களில் நிறையப் பேருக்கு முதலில் கால் வைக்கும் வெளிநாடு சிங்கப்பூர்தான். இரவு ஏறினால் காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள், அடுத்த விமானம் சில சமயம் சாயங்காலம்தான். அந்தப் பகல் முழுக்க நாற்காலியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆனால் வெளியே போக முடியுமா என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும், சாங்கியில் இறங்கி யோசித்தால் தாமதம்.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே பதிவில் (புக்கிங்கில்) இருந்தால் பெரும்பாலும் பெட்டி நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும், அதைச் செக்-இன் கவுண்டரில் வாய்விட்டுக் கேட்டு, பெட்டியில் ஒட்டும் சீட்டில் எந்த ஊர் அச்சாகியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். விலை குறைவு என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்திருந்தால் கதை வேறு: பல நேரம் பெட்டியைச் சிங்கப்பூரில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும், பெட்டி எடுக்கக் குடிநுழைவை (இமிக்ரேஷனை) தாண்ட வேண்டும், தாண்ட அனுமதி வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரே பதிவில் எடுங்கள், மிச்சப்படும் ரூபாய்க்கு அந்த அலைச்சல் கட்டாது.

அடுத்தது விசா. இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் குறுகிய வருகைக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தேவை, ஆனால் நமக்கு ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா, பிரிட்டன் முதலிய சில நாடுகளின் விசா குறைந்தது ஒரு மாதம் செல்லுபடியாகும்படி கையில் இருந்து, 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் டிக்கெட்டும் இருந்தால் சிங்கப்பூர் விசா இல்லாமலே வெளியே போய்வர அனுமதிப்பார்கள். இது உரிமை இல்லை, கடைசி முடிவு அதிகாரி கையில். ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை, அதனால் விசா கிடைத்த கடிதத்தை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். மாணவர்கள் கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தையும் வைக்க வேண்டும், எதையும் பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள். வெளியே போகிற எல்லாரும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிட்டுச் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையமான ஐசிஏ (ICA) தளத்துக்குப் போங்கள்.

சரி, எவ்வளவு நேரம் இருந்தால் போகலாம்? டிக்கெட்டில் எட்டு மணி நேரம் என்றிருந்தால் எட்டும் உங்களுடையது இல்லை. இறங்கி, வரிசையில் நின்று, வெளியே வர ஒரு மணி. ஊருக்குள் போக ஒன்று, திரும்ப ஒன்று. விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட வேண்டும். மிச்சம் மூன்றுதான். ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் ஊருக்குள் போக வேண்டாம் என்பேன், கைக்குழந்தையோ வயதான அப்பா அம்மாவோ கூட இருந்தால் எட்டிலும் யோசியுங்கள். சிங்கப்பூர் நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இறங்கியதும் கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.

மூன்று நான்கு மணி நேரம் கையில் இருந்தால் நேராகத் தேக்காவுக்கு, அதாவது நம்மவர்கள் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா வட்டாரத்துக்குப் போங்கள். விமான நிலையத்தின் இரண்டாம், மூன்றாம் முனையங்களை (டெர்மினல்களை) ஒட்டி எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலின் நிலையம் இருக்கிறது. தானா மேராவில் மாறி, பூகிஸில் இன்னொரு முறை மாறினால் இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும் (அங்கே டாலரை வெள்ளி என்றுதான் நம்மவர்கள் சொல்வார்கள்). Visa, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை வாசலில் தட்டிவிட்டு உள்ளே போகலாம், ஆனால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் போடுவார்கள். குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே தேக்கா சென்டர் என்ற கட்டடம், கீழே உணவங்காடியும் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தையும். சிராங்கூன் சாலையில் நடந்தால் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ், கொஞ்சம் தள்ளி வீரமாகாளியம்மன் கோயில், இன்னும் நடந்தால் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், காலையிலேயே போய்விடுங்கள். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. கடல் தாண்டி வந்த நம் முன்னோர் எப்படிக் காலூன்றினார்கள் என்று, இன்னொரு நாட்டில் காலூன்றப் போகிற நேரத்தில் பார்ப்பது மனதுக்குத் தெம்பு தரும், திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, வழி தெரியாவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். ஞாயிறு மாலையில் விடுமுறைக்கு வெளியே வரும் தொழிலாளர்களால் அந்த வட்டாரம் நிரம்பிவிடும், திரும்புகிற நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பை கனமாக இருந்தால் விமான நிலையத்திலேயே காசு கட்டி விட்டுவிட்டுப் போகலாம்.

அலைய விருப்பமில்லை, ஆனால் வெளியே வர அனுமதி உண்டு என்றால் முதல் முனையத்தை ஒட்டிய ஜுவல் என்ற வணிக வளாகம் போதும். 2019-இல் திறந்தது, கூரையிலிருந்து 40 மீட்டர் உயர அருவி கொட்டுகிறது. அது குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உள்ளேயே இருப்பவர்களுக்கும் குறை இல்லை. மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும், கால் நீட்டிப் படுக்க இலவச இடங்களும், குடிதண்ணீர்க் குழாய்களும் உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்கு அறை தரும் விடுதிகளும் இருக்கின்றன. இரவு முழுக்கத் தூங்காமல் வந்திருந்தால் ஊர் பார்ப்பதைவிட நான்கு மணி நேரத் தூக்கம்தான் நல்லது, அந்தப் பக்கம் இறங்கிய மறுநாளே வீடு தேட அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம், அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்ததில் கசகசா இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள், குருமாப் பொடியோடு சேர்த்து வரவே கூடாது. வாயில் மெல்லும் புகையிலை, மின் சிகரெட், சூயிங் கம் மூன்றும் அப்படித்தான். தேக்காவில் ஊறுகாய், எண்ணெய் என்று ஆசையாக வாங்கினாலும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ இறங்கும்போது கையில் இருக்கும் தின்பண்டம், மசாலா, விதை எதுவானாலும் பயணிகளுக்கான வருகைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதியதைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் மறைத்தது அகப்பட்டால்தான் அபராதம்.